சதுர அகழியை வட்டக் கோட்டை என்பது பிழை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த அயர்லாந்துப் பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். அதில் வெக்ஸ்ஃபோர்ட் பகுதி வயல்வெளியில் எடுத்த படத்தின் கீழ் 'பழங்கால வட்டக் கோட்டை' என்று அச்சாகியிருந்தது. படத்திலுள்ள மேட்டுக்கோ நான்கு மூலைகள் தெளிவாகத் தெரிகின்றன. அது வட்டக் கோட்டை அன்று, அகழி சூழ்ந்த மனை.

வட்டக் கோட்டைகளில் பெரும்பாலானவை கி.பி. 1000க்கு முன்பே ஐரிஷ் உழவுக் குடும்பங்கள் வாழ்ந்த இடங்கள். நாற்கோண மனைகளோ, 1169இல் ஆங்கிலோ-நார்மன் படைகள் (அன்று இங்கிலாந்தை ஆண்ட நார்மன் மரபினரின் படைகள்) வந்திறங்கிய பிறகு அங்கே நிலம் பெற்றுக் குடியேறிய சிறு நிலக்கிழார்களும் வசதியுள்ள குடியானவர்களும், பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அமைத்துக்கொண்டவை. வெக்ஸ்ஃபோர்ட், கில்கென்னி, டிப்பரரி, லிமரிக், கார்க் பகுதிகளில் இவை மிகுதி. அகழி வெட்டிய மண்ணையே கரையாகவும் உள்மேடாகவும் கொட்டி, அருகிலுள்ள ஓடையின் நீரை அகழிக்குத் திருப்பி, மரப்பாலம் போட்டு, நடுவில் மரவீடும் தொழுவமும் எழுப்பியிருக்கிறார்கள். பெரும்படையைத் தடுக்க இந்த அகழி போதாது. இரவில் மாடு கவர வருவோரைத் தடுக்கப் போதும். வீட்டுக்காரரின் அந்தஸ்தை அக்கம்பக்கத்தாருக்கு அது காட்டியும் இருக்கும்.

குடியேறியவர்கள் மட்டுமே இவற்றைக் கட்டினார்கள் என்றும் சொல்வதற்கில்லை. ரோஸ்காமன் பகுதியில் உள்ள குளூன்ஃபிரீ அகழி மனை, அயர்லாந்தின் மேற்கிலுள்ள கொனாக்ட் நாட்டின் ஐரிஷ் அரசர் ஹியூ ஓ கானரின் இருப்பிடம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டுள்ளனர். ஐரிஷ் புலவர் ஒருவர் அதை, ஐரிஷ் பேரரசர்களின் பழம்பெரும் இருக்கையான தாராவின் தொன்மையான அரண்மனையே திரும்பி வந்ததாகப் பாடிய பாட்டு இன்றும் கிடைக்கிறது. மண்ணாலும் மரத்தாலும் ஆன ஒரு மனைக்கு அப்படியொரு பாட்டு கிடைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அயர்லாந்தில் வசிக்கும் நான் சென்ற குளிர்காலத்தில் இத்தகைய மனை ஒன்றை, நில உரிமையாளரின் அனுமதியோடு சென்று பார்த்தேன். மூன்று பக்கம் நீர் நின்றது. நான்காம் பக்கத்தை எப்போதோ மூடி உழுதிருந்தார்கள். ஆனாலும் பசும்புல்லின் நடுவே கோரை ஒரே நேர்கோட்டில் முளைத்து, பழைய அகழி போன வழியைக் காட்டிக்கொண்டிருந்தது. மாடுகள் மிதித்துச் சரிந்த ஒரு மூலையில் கறுத்த சேறு வெளியே தெரிந்தது. நீரூறிய அந்தச் சேற்றில்தான் மரத்துண்டும் தோலும் விதையும் பல நூற்றாண்டுகள் மட்காமல் கிடக்கும். அகழி வற்றினால் அவையும் போய்விடும்.

கற்கோட்டைகளைப் பார்க்க ஆயிரம் பேர் போகிறார்கள். இந்த மேடுகளையோ அவற்றின் மேலேயே நடந்தும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். பெயரும் தவறாக அச்சாகிவிட்டால், அடுத்து அங்கே போகும் தமிழ் வாசகர் எதைப் பார்க்கிறோம் என்றே அறியாமல் திரும்புவார். ஆகவே வரும் ஞாயிறு இணைப்பில் அந்தப் படக்குறிப்புக்கு ஒரு வரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அயர்லாந்து