அரிசிக்குக் கேட்காத சான்று

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவன் நான். பெயிண்ட் டப்பாவுக்கு எஸ்ஜிஎஸ்டி 9, சிஜிஎஸ்டி 9 என்று நாள் முழுக்கத் தட்டித் தட்டி விரல் தேய்ந்தவன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி உங்களுக்கே விளக்கப் போவதில்லை. அதிலுள்ள வருமான வரம்பை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன மாதம் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சுவலி. பெரியாஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரமாகும் என்று பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். கவுண்ட்டரில் இருந்த பெண் முதலில் கேட்டது, "காப்பீட்டு அட்டை இருக்குங்களா?" இல்லை என்றேன். "அப்ப ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டிருங்க." அந்நேரத்துக்கு எந்த அடகுக்கடை திறந்திருக்கும்? என் மனைவி கைகழுவும் இடத்துக்குப் போய்ச் சோப்புப் போட்டு வளையல்களைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஈரத்தோடு மேசைமேல் வைத்தாள். "நகையெல்லாம் வாங்க மாட்டோங்க்கா" என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தூங்கிக்கொண்டிருந்த முதலாளியை எழுப்பிக் கடன் வாங்கினேன். கடைசியில் வந்த பில் 1,85,000. என் ஒரு வருடச் சம்பளம் 1,50,000.

இதயத்தின் இன்னொரு ரத்தக்குழாயிலும் அடைப்பு இருக்கிறதாம். அதற்காவது அட்டை வாங்கலாமென்று வருமானச் சான்றுக்கு அலைந்தேன். மாதம் 12,500 என்று உள்ளதை எழுதினேன். விஏஓ என்னைப் பாவமாகப் பார்த்தார். "பத்தாயிரத்துக்குள்ள போட்டிருக்கலாமேங்க, யார் வந்து பாக்கப் போறா?"

2022-ல் குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பை 72,000-லிருந்து 1,20,000 ஆக்கியது அரசு. நல்லதுதான், நன்றி. ஆனால் கோடு எங்கே நகர்ந்தாலும் அதற்கு அந்தப் பக்கம் ஒருவன் நிற்பான். இப்போது நான் நிற்கிறேன், மாதம் 2,500 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்த குற்றத்துக்காக.

அந்தத் திட்டத்தின் பிரீமியம் எங்கிருந்து போகிறது? வரியிலிருந்து. டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு நான் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் 13 விழுக்காடு வாட், அதற்கு மேல் 11.52 ரூபாய் உங்கள் அரசுக்கு வருகிறது. பங்க்கில் என் வருமானத்தை யாரும் கேட்டதில்லை. டாஸ்மாக்கில் கேட்கிறார்களா? 2023-24-ல் 45,000 கோடிக்கு மேல் வருவாய் தந்த அந்தக் கவுண்ட்டரில் குவார்ட்டர் கேட்கிறவனிடம் சான்று கேட்டுப் பாருங்களேன். ஈரல் கெடுவதற்கு வரம்பில்லை, வைத்தியத்துக்குத்தான் வரம்பு. மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன்.

தில்லியைக் கை காட்டுவீர்கள். வருமான வரியின் மேல் 4 விழுக்காடு கல்வி, சுகாதார செஸ் வாங்கிக்கொண்டு மாநிலத்துக்கு அதில் பங்கு தருவதில்லை என்பது நியாயமான குறைதான். ஆனால் 1,20,000 என்று எழுதிய பேனா சென்னையில் அல்லவா இருக்கிறது?

நம் ஊருக்கு இது புதிதுமில்லை. 2016-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் போனபோதும், ஏழை என்று முத்திரை குத்தப்பட்டவருக்கு மட்டும் அரிசி என்று தமிழ்நாடு சொல்லவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறும் பெண்ணிடம் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. எல்லோருக்கும் என்று வைத்ததால்தான் அவை நிற்கின்றன. தாய்லாந்து 2002-ல் வரிப்பணத்தில் இதைச் செய்தது. வேறு காப்பீடு இல்லாத எல்லோருக்கும் ஒரு முறை வந்துபோக 30 பாட் என்று தொடங்கினார்கள். வருமானச் சான்று கேட்கவில்லை.

பணம் போதாது என்று அதிகாரிகள் கோப்பில் எழுதலாம். மருந்துக் கொள்முதலுக்கென்று 1994-லேயே மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி முன்னே போய்ப் பழகிய மாநிலம் இது. வழி தெரியாத ஊரல்ல.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: வருமான வரம்பை எடுத்துவிடுங்கள். குடும்ப அட்டை ஒன்றே போதும் என்று ஓர் அரசாணை போடுங்கள். அடுத்த மாதம் இரண்டாவது வாரத்தில் அம்மாவை மறுபடி கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். வளையல்கள் இப்போது அடகுக்கடையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்துக் கடைக் கணக்கன் ஒருவன்