எந்த வேலை சலிக்கவில்லை என்று கேள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை, அந்த அலைச்சலில் பதில் தள்ளிப்போயிற்று. இப்போது நன்றாக இருக்கிறாள். கட்டுப் பிரித்ததும் என் தலையைப் பார்த்து, "இவ்வளவு நரைச்சுப்போச்சா உனக்கு?" என்றாள். பார்வை வந்துவிட்டது என்று டாக்டர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உன் முட்டி வலியைப் பற்றி மூன்று வரி, உன் பெண் பாப்பாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். மருத்துவம் கிடைக்கவில்லை, உயிரியல் படித்து முடிக்கப் போகிறாள், இனி டீச்சர் வேலை இல்லாவிட்டால் பிஎச்.டி., வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறாய். முப்பது வருடத்துக்கு முன் நம் இருவர் அப்பாக்களும் சொன்னதும் இதுதான். நீ டீச்சர் ஆனாய், நான் பிஎச்.டி. போனேன். ஆனால் இன்று எனக்குச் சோறு போடும் வேலை அந்த இரண்டிலும் சேராது. அது உனக்கு ஏனோ நினைவுக்கே வரவில்லை!

பிஎச்.டி.யில் நேரே சேர்த்துவிடலாமா என்று கேட்டாயே, என் பதில்: இந்த வருடம் வேண்டாம். எங்காவது ஒரு லேபில் ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் வேலை பார்க்கட்டும். இன்டர்ன்ஷிப்போ, ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் வேலையோ, எதுவானாலும் சரி. ஏன் சொல்கிறேன் என்றால், நம் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாக வந்த உண்மைக்குப் பின்னால் எத்தனை வருடத்துக் கைவேலை இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லவே இல்லை. பாடம் பிடித்திருக்கிறது என்று உள்ளே போனோம். உள்ளே இருந்தது வேறு.

மூன்றாம் வருடம் எனக்கு நடந்ததை உன்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. நாலு மாதமாக வளர்த்து, மருந்து கொடுத்து, தேர்ந்தெடுத்து வைத்திருந்த செல்கள். ஒரு திங்கட்கிழமை காலை இன்குபேட்டரைத் திறக்கிறேன், செக்கச் சிவந்திருக்க வேண்டிய மீடியம் (செல்கள் வளரும் சத்து நீர்) மஞ்சளாகக் கலங்கியிருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், செல்களுக்கு நடுவே பாக்டீரியா துறுதுறுவென்று ஆடிக்கொண்டிருக்கிறது. எல்லா ஃபிளாஸ்க்கிலும் பிளீச் ஊற்றினேன். நுரைத்து நிறம் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கைடு ஏதும் திட்டவில்லை. "சரி, மறுபடி தொடங்கு" என்றார். பக்கத்து மேஜைப் பெண்ணுக்கும் அதே வாரம் அதே கதிதான். அவளோ அன்று மதியமே புது ஃபிளாஸ்க்கில் செல்களைப் போட்டுவிட்டு, எங்கிருந்து தொற்று வந்திருக்கும் என்று துப்பறியக் கிளம்பிவிட்டாள். அவளுக்கு அது ஒரு புதிர். எனக்கோ இழவு வீடு. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், புரிய இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

அவள் இன்று சொந்தமாக ஒரு லேப் நடத்துகிறாள். என்னைவிடப் புத்திசாலி என்று சொல்ல மாட்டேன் (பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன்). தோற்றுப்போன சோதனை அவளுக்குச் சலிக்கவில்லை. எனக்குச் சலித்தது. பாப்பா இதில் எந்த ரகம் என்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

அதற்காக ஒரு தோல்வியிலேயே முடிவு கட்டிவிடவும் கூடாது. மார்ட்டின் சால்ஃபி தெரியுமில்லையா, ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்துக்காக 2008-ல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர். கல்லூரி நாளில் ஒரு கோடை விடுமுறை முழுக்க லேபில் செய்த எல்லாமே தோற்றுப்போக, ஆராய்ச்சி நமக்கு ஆகாது என்று விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். 1971 கோடையில் வேறொரு லேபில் செய்த வேலை கைகூடி வந்த பிறகுதான் மேற்படிப்புக்கே திரும்பினார்.

அதே புரதத்தின் இன்னொரு கதையையும் பாப்பாவுக்குச் சொல். அதை உண்டாக்கும் ஜீனை முதலில் பிரித்தெடுத்து 1992-ல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். அவருக்கு ஆராய்ச்சிப் பணம் தொடர்ந்து கிடைக்கவில்லை. தன்னால் முடியாததை மற்றவராவது செய்யட்டும் என்று ஜீனைச் சால்ஃபிக்கும், நோபல் வாங்கிய அந்த மூவரில் இன்னொருவரான ரோஜர் சியனுக்கும் அனுப்பி வைத்தார். நோபல் அறிவிப்பு வந்தபோது அவர் அமெரிக்காவில் ஒரு கார் விற்பனையகத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த இருவரும் தங்கள் செலவில் அவரை ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்துப் போனார்கள், பிறகு சியனின் லேபிலேயே சில வருடம் வேலையும் பார்த்தார் என்பது ஒரு ஆறுதல். பாப்பாவைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பிஎச்.டி., அப்புறம் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை, அப்புறம் பேராசிரியர் என்று ஏணி மாதிரி நமக்குக் காட்டினார்களே, அதில் மேலே போகப் போகப் படிகள் குறைவு. திறமை இருந்தும் இடம் கிடைக்காதவர்கள் ஏராளம். இறங்க நேர்ந்தால் எங்கே கால் வைப்பது என்று முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஐந்தாம் வருடம், ஒரு சீனியர் தன் வேலையை விட்டுப் போகும்போது தற்செயலாகச் சொல்லித்தான் மெடிக்கல் ரைட்டிங் என்று ஒரு தொழில் இருப்பதே தெரியும். மருந்துச் சோதனைகளுக்கான ஆவணங்களை எழுதுகிறேன். போன வாரம் முழுக்க ஒரே ஒரு ஒப்புதல் படிவம். "இரு குழுக்களாகச் சீரற்ற முறையில் பிரிக்கப்படுவீர்கள்" என்று இருந்த வரியை, "எந்த மருந்து உங்களுக்கு வரும் என்பதை நீங்களோ உங்கள் டாக்டரோ தீர்மானிக்க முடியாது, காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பது மாதிரி" என்று மாற்ற அரை நாள் ஆயிற்று. கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரிய வேண்டுமே. பன்னிரண்டு வருடமாகிறது, இன்னும் சலிக்கவில்லை. லேபில் பட்ட பாடு இங்கே வீண்போகவும் இல்லை. தரவில் ஓட்டை இருந்தால் வாசனையிலேயே தெரிந்துவிடுகிறது.

பாப்பா மனிதர்களோடு பேசுவதில் கெட்டிக்காரி என்கிறாயே, மரபணு ஆலோசனை என்று ஒரு துறை இருக்கிறது, அதை விசாரிக்கச் சொல். மனித ஜீனோமை, அதாவது நம் மரபணுத் தொகுதியை, முதன்முதலில் ஏறக்குறைய முழுதாகப் படிக்க 1990-ல் தொடங்கி 2003 வரை ஆயிற்று. இப்போது ஒருவருடைய ஜீனோமைப் படிக்கச் சில நாள் போதும். ஆனால் படித்து வந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என் பிள்ளைக்கும் வருமா?" என்று கேட்கிற அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? அதற்கென்றே முதுகலைப் படிப்பு உண்டு, 1969-ல் அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரியில்தான் முதலில் தொடங்கியது. பெரும்பாலும் இரண்டு வருடம். இதற்குப் பிஎச்.டி. வேண்டாம்.

கம்ப்யூட்டர் பக்கம் சாய்வு இருந்தால் பைத்தான், ஆர் (R) என்ற கம்ப்யூட்டர் மொழிகளில் ஒன்றைக் கற்றுக்கொள்ளட்டும். சாய்வு இல்லாவிட்டாலும் கற்றுக்கொள்ளட்டும், இனி அது இல்லாமல் லேபிலும் காலம் தள்ள முடியாது. மருந்துத் தரக்கட்டுப்பாடு, காப்புரிமை, தடயவியல், பொது சுகாதாரம் என்று இன்னும் நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதினால் வேலைவாய்ப்பு மலர் மாதிரி ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

லேபில் இருந்து பார்த்த பிறகும் பிஎச்.டி.தான் என்று அவள் சொன்னால், குறுக்கே நிற்காதே. அப்போது சில விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் இளங்கலை முடித்த கையோடு விண்ணப்பிக்கலாம். முதல் வருடம் இரண்டு மூன்று லேபில் மாறி மாறி வேலை பார்த்து, பிறகு கைடைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஐந்தாறு வருடம் ஆகும். பிரிட்டனில் மூன்று நான்கு வருடம்தான், ஆனால் தலைப்பும் கைடும் பெரும்பாலும் சேரும்போதே முடிவாகியிருக்கும். ஜெர்மனியில் பொதுவாக முதுகலை முடித்திருக்க வேண்டும். மனம் ஊசலாடுகிற பெண்ணுக்கு அமெரிக்க முறையில் கொஞ்சம் மூச்சு விட இடம் உண்டு. எங்கே போனாலும் கட்டணமும் கைச்செலவும் அவர்கள் தருகிற இடமாகப் பார். கடன் வாங்கி உயிரியலில் பிஎச்.டி. செய்யாதே என்று என் பெயரைச் சொல்லியே சொல்.

கைடுக்கு மெயில் எழுதும்போது "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகத்தான ஆய்வு" என்று தொடங்க வேண்டாம். எங்களுக்கும் வருகிறது அப்படி, இரண்டாவது வரிக்குப் போவதே இல்லை. அவருடைய ஒரு பேப்பரை உட்கார்ந்து படித்து, அதில் ஒரு படத்தைப் பற்றி உண்மையாகவே புரியாததைக் கேட்டால் போதும். அதைவிட முக்கியம், கைடு இல்லாத நேரமாகப் பார்த்து அந்த லேப் மாணவர்களிடம் பேச வேண்டும். கடைசியாக முடித்தவர் எத்தனை வருடத்தில் முடித்தார், இப்போது எங்கே இருக்கிறார், பாதியில் விட்டுப் போனவர் யார், ஏன்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், அந்த லேபை விட்டுவிடலாம்.

வயதாகிவிடும் என்று கவலைப்பட்டிருக்கிறாய். வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கிய பிறகு, உயிரியல் படிக்க மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்தவர். 2009-ல் நோபல் வந்தது வேதியியலுக்கு. நம் பெண் ஒரு வருடம் காத்திருந்தால் குடி முழுகாது.

ஒன்று கேட்க மறந்தேன். ரெக்கார்ட் நோட்டில் படத்துக்கு மேல் படமாக வரைந்துவிட்டு விளக்கம் எழுதாமல் மதிப்பெண் இழந்தாள் என்று குறைப்பட்டிருந்தாயே, அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா? மருத்துவப் படம் வரைவதற்கென்றே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1911 முதல் தனித்துறை நடக்கிறது, தெரியுமா! நாலு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். ஞாயிற்றுக்கிழமை அவளே எனக்குப் போன் செய்யட்டும். நீ பக்கத்தில் உட்காராதே, நீ இருந்தால் அவள் உண்மை பேச மாட்டாள்.

முட்டிக்கு அந்த எண்ணெயைத் தடவிக்கொண்டே இருக்காதே, போய் எக்ஸ்ரே எடு.

என்றும் உன்,
பழைய லேப் மேஜைக்காரி