‘நம் உடம்பில் சுரப்பதுதானே!’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அழகுப் பக்கத்தில் வந்த ‘இளமை திரும்பும் ஊசி’ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நம்ப முடியாமல், இரண்டாம் முறை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு. வளர்ச்சி ஹார்மோன் ஊசி சுருக்கத்தைப் போக்குமாம். ஆறாத புண்ணை ஆற்றுமாம். வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும்கூடக் கைகொடுக்குமாம். அதெல்லாம் போகட்டும். கடைசிப் பத்தியில் ஒரு வரி: “நம் உடம்பில் தானாகச் சுரப்பது என்பதால் பக்கவிளைவுக்கு இடமே இல்லை.”

எழுதியவர் வீட்டில் சர்க்கரை நோயாளி யாரும் இல்லை போலும். இன்சுலினும் நம் உடம்பில் சுரப்பதுதான். அது அளவு கூடினால் என்ன ஆகும் என்று, ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவின் வாயில் சர்க்கரையைக் கொட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த ஊசியை ஆறு வருஷம் என் கையாலேயே போட்டவள் நான். என் மகளுக்கு, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி போதிய வளர்ச்சி ஹார்மோன் தரவில்லை. எட்டு வயதில் தொடங்கினோம். தினம் ராத்திரி, தொடையில் ஒரு நாள், வயிற்றில் ஒரு நாள். இடம் மாற்றாமல் போட்டால் தோல் குழி விழும் என்று நர்ஸம்மா சொன்னது உண்மைதான். வலது தொடையில் ஒரு குழி இன்றும் இருக்கிறது. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. சித்திரை வெயிலில் கரண்ட் போனால் தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுக்கு ஓடுவேன். எலும்பு வளர்ச்சியைப் பார்க்க இடது கை எக்ஸ்ரே, தைராய்டு, சர்க்கரை என்று மாதக்கணக்கில் வரிசையில் நின்றோம். என் வளையல்கள் அடகுக் கடையில் நின்றன. சர்க்கரையை எதற்குப் பார்க்கிறார்கள் என்று அப்போது நானும் கேட்டேன். இந்த ஹார்மோன் இன்சுலினின் வேலைக்குக் குறுக்கே நிற்கும் என்றார் டாக்டர். பக்கவிளைவுக்கு இடமில்லை என்றவருக்கு இது தெரியாதா?

மகளின் தோல் மினுமினுத்ததா என்றும் கேட்பீர்கள். பதினான்கு வயதில் எல்லாப் பிள்ளைகளையும் போல அவளுக்கும் முகம் நிறையப் பரு வந்தது.

அந்த வரிசைகளில் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பிட்யூட்டரியில் கட்டி, ஹார்மோன் தேவைக்கு மேல் சுரக்கிறது. அக்ரோமெகலி என்பார்கள். தோல் தடித்து, எண்ணெய் வழிந்து, ஓயாமல் வியர்த்து, மூக்கும் உதடும் பெருத்துவிட்டன. கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்களாம். உங்கள் கட்டுரைப்படி பார்த்தால் அவர்தான் ஊரிலேயே பேரழகியாக இருக்க வேண்டும்.

‘அமெரிக்க ஆய்வு’ என்று கட்டுரை சொல்வது 1990ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. தாங்கள் அறியாததல்ல. அறுபது கடந்த 21 ஆண்கள். அதில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 12 பேர், அதுவும் ஆறு மாதம். பெண் ஒருத்திகூட இல்லை. தோலின் தடிமன் 7.1 சதவீதம் கூடியதாகக் கணக்கு. தடிமன்தான் ஐயா, அழகு அல்ல. அந்த ஆய்வைக் காட்டி ஊசி விற்கிறார்கள் என்று 2003ல் அதே மருத்துவ இதழே வருத்தப்பட்டு எழுதியது. தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கு, காயத்தில் ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடம் இந்த ஊசியால் சீக்கிரம் ஆறியது நிஜம், மறுக்கவில்லை. ஆனால் 1999ல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்த 532 பெரியவர்களிடம் சோதித்தபோது, ஊசி போட்டவர்களில் இறந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. அது உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை.

சர்க்கரைப் புண்ணுக்குத் தடவும் ஜெல்லையும் இதனோடு சேர்த்துவிட்டார். அதிலிருப்பது வளர்ச்சிக் காரணி, புண்ணில் புதுச் சதை வளரத் தூண்டும் ஒரு புரதம், வேறு சமாச்சாரம். என் அப்பாவின் காலுக்கு அதைத் தடவினோம். புண்ணைச் சுத்தம் செய்து, காலை ஊன்றாமல் வைத்திருந்தால்தான் அதற்கும் மதிப்பு.

சிவப்பழகு கிரீம் விளம்பரத்தைப் பின்னட்டையில் போட்டபோதும் எழுதினேன். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த கிரீமை ‘கைகண்ட மருந்து’ என்று நீங்கள் எழுத, எங்கள் தெருத் தையற்கார அக்கா வாங்கிப் பூச, பூசும்வரை அடங்கியிருந்தது நிறுத்தியதும் இடுப்பெல்லாம் பரவியபோதும் எழுதினேன். என் கடிதங்களில் அச்சானது, மார்கழிக் கோலப் போட்டியைப் பாராட்டி எழுதியது ஒன்றுதான். அதற்கு நன்றி.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம்: இது அழகு மருந்து அல்ல, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்க்காமல் போடக் கூடாது என்று. கட்டுரைக்கு அடியில் அச்சிட்ட அந்த கிளினிக்கின் போன் நம்பர் இணையப் பதிப்பில் இன்னும் இருக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள்.

பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை