வெளிர் சாம்பலா, கிரேஜா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு அலங்கார இணைப்பிதழில், 'நடுநிலை நிறம் எதை எடுத்தாலும் எந்த அறைக்கும் பொருந்தும்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. எங்கள் படிப்பறைக்கு இப்போதுதான் பெயின்ட் அடித்து முடித்தோம். என் கணவர் வெளிர் சாம்பல் பக்கம். நான் சாம்பலோடு பழுப்பு கலந்த கிரேஜ் பக்கம்.

ஷேட் கார்டில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். சுவரில் விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்று 0 முதல் 100 வரை குறிக்கும் எல்.ஆர்.வி. எண்கூடக் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அவருடைய சாம்பலுக்குள் நீலம் ஒளிந்திருந்தது, என்னுடைய கிரேஜுக்குள் மஞ்சள்.

அந்த அறையில் நேர் வெயில் விழாது. ஜன்னல் வழியே வருவது வானத்தின் வெளிச்சம் மட்டும். அதிலேயே நீலம் தூக்கலாக இருக்கும். அதனால் பகலில் சாம்பல் பளிச்சென்று நீலமாகத் தெரிந்தது. எனக்கு அது ஆஸ்பத்திரி வராந்தா. ராத்திரி 2700 கெல்வின் மஞ்சள் பல்பைப் போட்டால் கதையே வேறு: சாம்பல் அழகாக அடங்கிவிட்டது, கிரேஜ்தான் மஞ்சளடித்தது. "இப்ப என்ன சொல்றே?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அறையில் நாங்கள் உட்காருவது பகலில்.

மாதிரியைப் பழைய சுவரிலேயே பூசிப் பார்க்காதீர்கள் என்பதையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். எங்கள் பழைய சுவர் பச்சை. அதன்மேல் எந்தச் சாம்பலை வைத்தாலும் லேசாகச் செந்நிறம் தட்டும். பக்கத்து நிறம் கண்ணை இப்படி ஏமாற்றுவதை பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே விரிவாக எழுதி வைத்திருக்கிறார். நாங்கள் இரண்டு வெள்ளை அட்டைகளில், ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு சுவர் சுவராக மாற்றி வைத்துப் பார்த்தோம். ஈரத்தில் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. எமல்ஷன் காய்ந்ததும் பெரும்பாலும் கொஞ்சம் கருத்துவிடும்.

கடைசியில் கிரேஜ்தான். பல்பை மட்டும் மஞ்சள் குறைந்த 4000 கெல்வினுக்கு மாற்றினோம், அது அவருக்காக.

இன்னொன்று. செய்தித்தாளே சற்றுச் சாம்பல் நிறம். அதில் நான்கு மைகளைக் கலந்து அச்சிட்ட சாம்பலைப் பார்த்து யார் பெயின்ட் வாங்க முடியும்? அடுத்த முறை அறைப் படம் போடும்போது, ஜன்னல் எந்தப் பக்கம், என்ன பல்பு என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்