பெரியப்பாவுக்கு: அந்த முறைப்பாட்டை நான் எழுதித் தரமாட்டேன்

அன்புள்ள பெரியப்பா,

ஒரு மாணவன் வரைந்த படம் நம் சமயத்தைப் புண்படுத்திவிட்டதென்று பொலிஸுக்குக் கொடுக்க நீங்கள் கேட்ட முறைப்பாட்டை நான் எழுதித் தரப்போவதில்லை. தம்பியிடம் நீங்கள் கொடுத்துவிட்ட கோவையை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்த படங்களில் எதையும் நான் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

இதைக் கொட்டாஞ்சேனை வீட்டு விறாந்தையில் உங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்லவே விரும்பினேன். ஆனால் நம் சைவ சபையின் வாட்ஸ்அப் குழுவில், 300 பேருக்கு மேல் வாசிக்கும் இடத்தில், "எங்கள் வீட்டிலேயே ஒரு சட்டத்தரணி இருந்தும் சமயத்துக்கு உதவ மனமில்லை" என்று நீங்கள் எழுதிய பிறகு, என் பதிலை மட்டும் நான்கு சுவர்களுக்குள் சொல்லும்படி கேட்பது நியாயமில்லை. இதை வாசிக்கும்போது உங்கள் மனம் நோகும். அந்த நோவுக்காக மன்னிப்புக் கேட்கிறேன். எழுதியதற்காகக் கேட்கவில்லை.

அந்தப் படம் என்னையும் நோகச் செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குச் சமயப்பற்றுக் குறைந்துவிட்டதென்றும் வெள்ளவத்தைக்கு வந்த பிறகு மாறிவிட்டேன் என்றும் நீங்கள் நினைக்கிறீர்கள். நான் தினமும் விளக்கேற்றுகிறேன். பிள்ளைக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறேன், நீங்கள் எனக்குச் சொல்லித் தந்த அதே பண்ணில். கைத்தொலைபேசியில் அந்தப் படம் வந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ கருகியதைப் போல இருந்தது, அன்றைக்கு வேலையே ஓடவில்லை. ஆகவே உங்கள் வலி பொய்யென்றோ மிகையென்றோ நான் சொல்லவில்லை.

படத்தில் என்ன இருந்தது என்பதை இங்கே விவரிக்கமாட்டேன். அதை வரைந்தவன் யார், எந்த ஆலயத்தின் எந்தத் திருவிழாவைப் பற்றி வரைந்தான் என்பதும் இங்கே வராது. நம் இருவருக்கும் தெரிந்தவை அவை. மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவனுடைய தாய் இதை வாசிக்கக்கூடும். சபையிலுள்ளவர்களும் வாசிப்பார்கள். சைவரைப் பரிகசிக்க ஒரு சாட்டு கிடைக்குமா என்று பார்த்திருப்பவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்குத் தருவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

அவன் படத்தை மறுநாளே நீக்கிவிட்டான். மன்னிப்புக் கேட்டும் எழுதினான். அந்த மன்னிப்பைத் திரைப்பிடிப்பு எடுத்து, அதிலும் ஒரு சொல் சரியில்லை, பணிவு போதவில்லை என்று குழுவில் இரண்டு இரவுகள் பேசினார்கள். படத்தைக் கண்டிராத உறவினர்களுக்கு அதைத் தேடியனுப்பி அவர்களையும் புண்படச் செய்தவர்கள் சபையைச் சேர்ந்தவர்களே. அவன் நீக்கிய படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைக் கண்டிப்பவர்களின் கைகளால். இக்காலத்தில் மனம் புண்படுவதும் ஒரு பதவியைப் போலாகிவிட்டது பெரியப்பா. யார் முதலில் அறிவிக்கிறார், யார் உரத்து அறிவிக்கிறார் என்பதை வைத்தே பக்தியை அளக்கிறார்கள்; பேசாமல் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்த பெரியம்மாவைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

சட்டத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்டதைத் திரும்பவும் நினைத்துப் பார்க்கிறேன். தண்டனைச் சட்டக்கோவையின் 291 அ பிரிவு பற்றிச் சொன்னேன்: சமய உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட நோக்கத்துடன் பேசினால் ஓராண்டு வரை சிறை. அது போதாதென்றீர்கள். பிணை எளிதில் கிடைக்காத பிரிவு எது என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி உங்களுடையதாக இருக்காது, சபையில் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றே இன்றும் நம்ப விரும்புகிறேன். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் உங்கள் கோவையில் அடிக்கோடிடப்பட்டிருந்தது. இலங்கை 1980 இல் இணைந்துகொண்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்தின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. அதன் 3 ஆம் பிரிவின் கீழ் பத்தாண்டு வரை கடூழியச் சிறை விதிக்கலாம். மேல் நீதிமன்றமே பிணை வழங்கலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டும். பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வெறுப்புப் பிரசாரத்தைத் தடுக்கவே அந்தப் பிரிவு இருக்கிறது. உங்கள் வரைவில் மனம் புண்பட்டது என்பது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அவன் யாரை எவருக்கு எதிராகத் தூண்டினான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இந்தச் சட்டம் நடைமுறையில் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது என்பதைப் புதுக்கடை நீதிமன்றங்களில் வேலை செய்கிற எவரும் அறிவர். 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிந்திய வாரங்களில், ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் அவருடைய உடையில் இருந்த சக்கர வடிவத்துக்காகக் கைது செய்யப்பட்டார்; கப்பலின் சுக்கான் சக்கரத்தைத் தர்மச் சக்கரமென்று கண்டு புண்பட்டவர்கள் முறையிட்டிருந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகக் கைதாகி ஓகஸ்டு வரை விளக்கமறியலில் இருந்தார். 2023 மே மாதம் மேடைப் பேச்சொன்றுக்காக நகைச்சுவைக் கலைஞர் நத்தாஷா எதிரிசூரிய விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நடந்ததையும் சேர்த்துக்கொண்டால், மன்னார் மாவட்டத்தின் இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மே முதல் 2021 டிசம்பர் வரை தடுப்பில் இருந்தார், 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுதலையானார். அவர் கைதான செய்தியை வாசித்து, "கவிதைக்காகவும் ஒரு பிள்ளையைப் பிடிப்பார்களா?" என்று என்னிடம் தொலைபேசியில் கேட்டது நீங்கள்தான். அப்போது உங்கள் குரல் உடைந்திருந்தது.

இந்த வரைவை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் என் முன்னே வந்து நின்றது வேறொன்று. அதை நாம் இருவரும் ஒருபோதும் பேசியதில்லை.

1996 ஆம் ஆண்டு, மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிந்திய மாதங்கள். பொலிஸில் பதிந்த குடும்பப் பட்டியலைப் பெரியம்மா வழக்கம்போல மேசையில் எடுத்து வைத்திருந்தார். சோதனையிட வந்தவர்கள் அலுமாரியைப் பார்த்தார்கள், கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், பிறகு ஒருவர் சப்பாத்துக் காலுடன் சாமியறைக்குள் போனார். அந்த அறைக்குள் குளிக்காமல் போனதற்காக நான் எத்தனை ஏச்சு வாங்கியிருக்கிறேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் துப்பாக்கி முனையால் முருகன் படத்தை நகர்த்தி அதன் பின்னால் பார்த்தார். படம் சரிந்து விழுந்து கண்ணாடி உடைந்தது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் திருநீறு பூசிய நெற்றியுடன், துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நின்றீர்கள். அவர்கள் அடையாள அட்டையைத் திருப்பித் தந்தபோது இரண்டு கையாலும் வாங்கினீர்கள்.

அவர்கள் போன பிறகு கண்ணாடித் துண்டுகளை நீங்களே பொறுக்கினீர்கள், வேறு யாரையும் கிட்ட வர விடவில்லை. தரையை மஞ்சள் நீரால் கழுவி விளக்கேற்றினீர்கள். பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். நான் உங்களிடம், "ஏன் பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதற்கு நீங்கள் ஏசவில்லை. கண்ணப்ப நாயனாரின் கதையைச் சொன்னீர்கள். செருப்புக் காலால் தன் தலைமேலிருந்த பூவைத் தள்ளியதையும் பொறுத்து, கண்ணருகே கால் ஊன்றியதையும் பொறுத்தவருக்கு இந்தச் சப்பாத்து ஒரு பாரமா பிள்ளை என்றீர்கள். கண்ணப்பர் அன்பினால் செய்தார், இவர் அப்படியா என்று நான் விடவில்லை. "அந்தப் பெடியனுக்கும் பயம். கை நடுங்கினதை நீ காணேல்லையோ?" என்றீர்கள்.

துப்பாக்கியோடு நம் சாமியறைக்குள் நுழைந்தவரை ஒரு பெடியனாகப் பார்க்க உங்களால் முடிந்தது. அந்தப் பதிலையே நான் பல காலமாக என் சமயமாகக் கொண்டிருந்தேன். சட்டம் படித்ததும், யாரென்று தெரியாதவர்களுக்காகப் பிணை கேட்டு நின்றதும்கூட அந்த இரவிலிருந்து வந்தவையே என்று நினைக்கிறேன்.

ஆகவே இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. சப்பாத்துக் காலைப் பொறுத்த உங்களால் ஒரு மாணவனின் கோட்டுச் சித்திரத்தைப் பொறுக்க முடியாமல் போனது எப்படி? துப்பாக்கி வைத்திருந்தவரிடம் அச்சத்தைக் கண்ட கண்கள், பென்சில் வைத்திருந்தவனிடம் மட்டும் ஏன் அகந்தையைத் தேடுகின்றன? வலியவர் செய்தபோது விதியென்று ஏற்றதை எளியவன் செய்தபோது அவமதிப்பென்று பொலிஸுக்கு எழுதித் தரச் சொல்கிறீர்கள். அவனுக்குத் தகப்பன் இல்லை, தாய்க்குப் பெரிய வருமானமுமில்லை, அவன் பக்கம் பேச எந்தச் சபையும் இல்லை. இவையெல்லாம் தெரிந்துதான் பிணை கிடைக்காத பிரிவைக் கேட்டீர்களா?

இந்தக் கேள்வி கொடுமையானது என்று எனக்கே தெரிகிறது. அன்று நீங்கள் வாயைத் திறந்திருந்தால் உங்களை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். திரும்பி வந்திருப்பீர்களா என்பதும் நிச்சயமில்லை. எங்கள் இருவரையும் வளர்க்கவேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் இருந்தது. பொறுமை என்று நீங்கள் பெயர் சூட்டியது அச்சமாகவே இருந்திருந்தாலும், அதனால்தான் எங்களுக்கு மறுநாளும் சோறு இருந்தது. அதற்கு நான் எந்நாளும் கடன்பட்டவள். ஆனாலும் கேள்வியை அழித்துவிட மனம் வரவில்லை. அன்று எழும்ப முடியாமல் போன கோபம் இத்தனை ஆண்டுகளாக உங்களுக்குள் இருந்திருக்கிறது, யார் மீது காட்டினால் ஆபத்தில்லை என்று இப்போது தெரிந்துகொண்டிருக்கிறது. உங்களுடையது மட்டுமல்ல, இந்த நகரத்தில் வளர்ந்த நம்மில் பலருடைய கோபமும் அப்படித்தான்.

அறநெறிப் பாடசாலையில் நீங்கள் சாக்கிய நாயனாரைப் பற்றிப் படிப்பித்த நாளும் எனக்கு நினைவிருக்கிறது. பௌத்தக் கோலத்தில் இருந்துகொண்டு நாள்தோறும் இலிங்கத்தின் மேல் கல்லெறிந்தவர். எறியாத நாளில் உண்ணாதவர். அவரை அறுபத்துமூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிற சமயம் நம்முடையது. பார்க்கிறவருக்குக் கல்லெறிதல், வாங்குகிறவருக்குப் பூசை. அந்தப் பிள்ளை வரைந்தது பூசையென்று நான் வாதாட வரவில்லை. அது அவசரத்தில் செய்த காரியமென்றும், திருவிழாச் செலவைப் பற்றி அவன் கேட்க நினைத்த நியாயமான கேள்வியை அவனே கெடுத்துக்கொண்டானென்றும் நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குச் சபை இன்னும் பதில் சொல்லவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

நம் நாட்டு அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இப்படிப்பட்ட நாட்டில், புண்பட்டவரின் சொல்லே போதுமான சான்று என்று நாமும் ஒப்புக்கொண்டால், நாளை நம் காவடியையும், நம் வேள்வியையும், நம் பிள்ளைகளின் கவிதையையும் பார்த்து யாரோ புண்படும்போது எதைச் சொல்லி மறுப்போம்? ஆடிவேல் இரதம் காலி வீதியில் வருவதால் தனக்குப் போக்குவரத்து இடைஞ்சல் என்று இன்று முணுமுணுப்பவர், நாளை தன் மனம் புண்படுகிறது என்று எழுதிக் கொடுப்பார். அதைப் பாரதூரமாக எடுத்துக்கொள்ள அவருக்கு ஒரு பொலிஸ் நிலையம் இருக்கும்.

உங்களுக்கு வேறொரு சட்டத்தரணி எழுதித் தரக்கூடும். கேட்டால் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி முறைப்பாடு போய், அந்தப் பிள்ளையைக் கொண்டு போனால், அவனுக்காக நான் ஆஜராவேன். கட்டணம் வாங்கமாட்டேன். அவனுடைய தாயிடம் இதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். வேறு யாரிடமிருந்தும் நீங்கள் இதை அறியக்கூடாது என்பதாலும்தான் இந்தக் கடிதம். அப்பாவின் இடத்தில் நின்று என்னைப் படிப்பித்தவருக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது எனக்கு எளிதென்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் கட்டிய ரியூஷன் பணத்தில் படித்த சட்டம் இது, உங்களுக்கு எதிராகப் பயன்படப்போகிறது என்று நீங்கள் சொன்னால் என்னிடம் பதிலில்லை.

அன்று நீதிமன்ற வளாகத்தில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவேண்டாம் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், பெரியப்பா.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்
வெள்ளவத்தை