கொறங்காட்டில் தண்ணீர் ஊற்றிய அண்ணனுக்கு

அப்பா காங்கேயம் பக்கத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் கபடிக் கோச். மீதி நேரமெல்லாம் கிளுவை வேலி போட்ட எங்கள் மேய்ச்சல் நிலத்தில், அதாவது கொறங்காட்டில், மாடுகளோடுதான். போன மாதம் அவர் தவறிய அன்று வீடு முழுக்கக் கூட்டம். மாடுகளைச் சுத்தமாக மறந்துவிட்டோம். அதில் ஒன்று நிறைசினை.

மறுநாள் விடியக்காலை ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர். சரிந்து கிடந்த வாசல் படலைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தீர்கள். வெள்வேல மரத்தடியில் பசுவும், செவலையாய் ஒரு கன்றும் (காங்கேயம் கன்று அப்படித்தான், 6 மாதத்தில் வெளுத்துவிடும்). நஞ்சுக்கொடியைக்கூட நாய் இழுக்காதபடி சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டிருந்தீர்கள். யார் சொன்னார்கள் உங்களுக்கு?

தண்ணீர் டிராக்டர் ஓட்டுபவர், ராத்திரி முழுக்க இருந்தார் என்றார் பக்கத்துக் காட்டு ஆத்தா. பெயர் கேட்டதற்கு, "வாத்தியார்கிட்ட கபடி பழகினவன்னு சொல்லுங்க, போதும்" என்றீர்களாம். அப்படிப் பழகியவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். எங்கே போய்த் தேடுவது?

அண்ணா, தண்ணீருக்குக் காசுகூட வாங்கவில்லை நீங்கள். ஒரு வாய் சோறு போடாமல் அனுப்பிவிட்டோமே என்று அம்மா இன்னும் புலம்புகிறார். கன்று காளை. வந்து பாருங்கள். படல் சாத்தித்தான் இருக்கும், பூட்டு கிடையாது.