ஏரிக்கரைக் கலங்கரை விளக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலங்கரை விளக்கம் என்றாலே கடற்கரைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரையில் நிற்கும் ஸ்பிளிட் ராக் விளக்கமும் அதே மதிப்புக்கு உரியது. 1905 நவம்பர் புயலில் பல கப்பல்கள் சேதமடைந்த பிறகு கட்டப்பட்டு, 1910இல் ஒளியேற்றப்பட்டது. அப்போது அங்கே சாலையே கிடையாது. செங்கல்லும் இரும்பும் நீர்வழியே வந்து, நீராவிப் பாரந்தூக்கியால் செங்குத்துப் பாறைமேல் ஏறின. பாரிஸில் செய்த கண்ணாடி வில்லை பாதரசத்தில் மிதந்து சுழன்று, 10 விநாடிக்கு ஒருமுறை ஒளி வீசியது. 1969இல் பணி முடிந்தும் அந்த வில்லை இன்றும் அங்கேயே இருக்கிறது. அதுதான் பெரிய விஷயம். பழைய ஏரி விளக்கங்களுக்கு வெள்ளையடித்துவிட்டு, வில்லையையும் சுழற்றும் பொறியையும் கழற்றிக்கொண்டு போவது பாதுகாப்பு ஆகாது. அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்